மேளம் நின்ற இடம்

அத்தியாயம் 14

நாட்குறிப்பின் புதன்கிழமைப் பக்கத்தில் மூன்றே வரிகள் எழுதியிருந்தேன். ஒன்று, சனிக்கிழமை ஜோன்ஜு நகரத்துப் பெரிய மேடையில் உன்சில் அத்தை பாடுவதும் அப்பா மேளம் அடிப்பதும் உறுதியாகிவிட்டது. இரண்டு, அம்மா பெரியம்மாவின் முட்டி அறுவைச் சிகிச்சைக்குத் துணையாக யோசு நகரத்துக்குப் போயிருக்கிறாள், ஞாயிறுதான் வருவாள். மூன்று, எனக்கு ஓட்டுநர் தேர்வில் இரண்டாம் முறையும் தோல்வி.

மூன்றும் சரிதான். ஆனால் வியாழக்கிழமை மத்தியானத்துக்கு அவை எதற்கும் உதவவில்லை.

அப்பாவுக்கு மேளம் தொழில் இல்லை. சோன் மான்சிக் என்றால் எங்கள் ஊர் குரேயில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. மஞ்சள் வண்டித் தாத்தா என்றால் எல்லா வீட்டுக்கும் தெரியும். குழந்தைகள் பள்ளிக்கு ஒன்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறார். காலை எட்டுப் பத்துக்கு ஒரு சுற்று, மாலை மூன்று நாற்பதுக்கு ஒரு சுற்று. பதினொரு குழந்தைகள்.

அத்தை அவருக்கு ஒரே தங்கை. நாற்பத்தொன்பது வயது. அறுபதாம் பிறந்தநாள் விருந்துகளிலும் மலைக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவிலும் பாடியே காலம் போனவள். போன நவம்பரில்தான் முதல் தடவையாகத் தன் சொந்தக் கதைப்பாட்டை ஊர் மண்டபத்தில் பாடினாள். எங்கள் ஆறு கரையை உடைத்த வருஷத்துக் கதை. வெள்ளத்தில் நீந்திப்போய் யார் வீட்டுக் கூரைமேலோ ஏறி நின்றுவிட்ட பசுவைத் தேடி ஒரு பெண் போகிறாள். அத்தை விசிறியோடு நின்றாள், அப்பா பக்கத்துப் பாயில் மேளத்தோடு உட்கார்ந்தார். எனக்கு அன்று காய்ச்சல், போகவில்லை.

போனவர்கள் எல்லாரும் ஒரே இடத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நடுவில் மேளம் நின்றுவிட்டதாம். குரல் மட்டும் தனியே போனதாம். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்ததாம். உள்ளூர்ப் பத்திரிகை அதைத் துணிச்சலான மௌனம் என்று எழுதியது. சென்ற வாரம் ஜோன்ஜுவிலிருந்து போன் செய்தவர்களும் அந்த மௌனம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் தேதி கொடுத்தார்கள்.

எங்கே அடிக்காமல் விடுகிறான் என்பதை வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் மேளக்காரனின் கைப்பக்குவத்தை எடைபோடுவார்கள். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

பக்கத்து ஊர் நாம்வொனில் மேளத்துக்குப் புதுத் தோல் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மணி இரண்டு பத்து. பள்ளி வண்டியில்தான் போயிருந்தோம். அப்பா மேளத்தைப் பின்னால் ஒரு குட்டி இருக்கையில் வைத்துக் குழந்தைக்குப் போடுவதுபோலப் பட்டையை மாட்டினார். சுரங்கப்பாதையில் லாரிகள் முட்டிக்கொண்டு வரும் என்று எப்போதும்போலக் கணவாயின் பழைய சாலையைப் பிடித்தார். நாற்பது நிமிஷத்தில் வீடு. மூன்று நாற்பதுக்குப் பள்ளி வாசல். நேரம் தாராளமாக இருந்தது.

சுங்கச் சாவடி தாண்டியதும் அத்தையிடமிருந்து என் போனுக்கு ஒரு பதிவு வந்தது. நவம்பர் மாத மண்டபப் பதிவு, முழுசாக. சனிக்கிழமைக்கு முன்னால் அண்ணனை ஒரு தடவை கேட்கச் சொல், அந்த மௌனம் அப்படியே வர வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

அப்பா தன் மேளத்தைத் தானே கேட்கிற ஆள் இல்லை. அடித்தது அங்கேயே தீர்ந்துபோக வேண்டும், திரும்பக் கேட்டால் கை கெட்டுவிடும் என்பார். இன்றைக்கு அத்தை சொன்னதாகச் சொன்னதும் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

"போடு. ஆனா சத்தமா வை. என் தங்கச்சி முணுமுணுன்னு பாடுனா அவளுக்கே பிடிக்காது."

போனை வண்டியின் ஒலிபெருக்கியோடு இணைத்தேன்.

முதலில் பாட்டே இல்லை. யாரோ இருமினார்கள். பிளாஸ்டிக் பை ஒன்று சரசரத்தது. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. பிறகு அத்தை தொண்டையைச் செருமினாள், விசிறி பட்டென்று விரிந்தது, அப்பாவின் மேளத்தில் ஒரே ஓர் அடி விழுந்தது. வண்டிக்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல எனக்குத் தோன்றியது.

நான் பாட்டுக் கேட்டு மயங்குகிற ரகம் இல்லை. எதையும் எண்ணிக்கொண்டே கேட்பேன். இதில் பன்னிரண்டு அடி ஒரு சுற்று. ஐந்து சுற்றுவரை எண்ணினேன். பிறகு எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

அத்தை அந்தப் பெண்ணாகவே மாறிப்போய் இடுப்பளவு தண்ணீரில் நடந்தாள். மாட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிடுகிற குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிழிந்தது. முன்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெரியவர் அடிவயிற்றிலிருந்து "ஒல்சிகு" என்று சபாஷ் போடுவதுபோல ஒலி கொடுத்தார். அடுத்த வரிசை "அப்படித்தான்" என்றது. அவர்கள் ஒலி கொடுக்கக் கொடுக்க அத்தையின் குரல் மேலே ஏறியது. சாலை வளைந்து ஏறுவதும், என் பக்கத்துச் சன்னலுக்குக் கீழே பள்ளத்தாக்கு ஆழமாகிக்கொண்டு போவதும் கண்ணில் பட்டன, மனசில் படவில்லை.

அப்பாவும் அப்படித்தான் இருந்தார். வலது கை விரல்கள் ஸ்டியரிங்கின் விளிம்பில் தாளம் போட்டன. பசுவின் முன்னங்கால் கூரை ஓட்டில் படுகிற இடத்தில் ஓர் அடியை விட்டார். பதிவிலும் அந்த ஓர் அடி இல்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

"இதைத்தான் ஊரே பேசுது. அந்த ஒத்தை அடியை விட்டதுக்கா ஜோன்ஜு வரைக்கும் கூப்பிடுறாங்க? நல்ல ஜனங்கதான் போ."

நானும் அதுதான் இடம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நிமிஷம் கழித்து உண்மையான இடம் வந்தது.

கூரைமேல் நிற்கும் பசுவை அந்தப் பெண் முதல்முதலாகப் பார்க்கிறாள். அத்தை குரலை உயர்த்தினாள். மேளம் இல்லை. அடுத்த அடி, அதற்கடுத்த அடி, எதுவும் இல்லை. தனிக்குரல் தண்ணீருக்குமேல் தட்டுத்தடுமாறிப் போனது. முன்வரிசைப் பெரியவர்கூட ஒலி கொடுக்கவில்லை. என் கைகளில் மயிர் குத்திட்டு நின்றது. பழக்கதோஷத்தில் மறுபடி எண்ண ஆரம்பித்திருந்தேன். பன்னிரண்டு. மறுபடி பன்னிரண்டு. இரண்டு முழுச் சுற்று போனபிறகு மேளம் எதுவுமே நடக்காததுபோல வந்து சேர்ந்துகொண்டது. மண்டபம் இடிந்து விழுகிறமாதிரி கூவியது.

அழகு என்று சொல்ல வாயைத் திறந்து அப்பா பக்கம் திரும்பினேன்.

அவருடைய விரல்கள் நிற்கவே இல்லை. பதிவில் மேளம் காணாமல்போன இருபத்துநாலு அடியையும் அவர் ஸ்டியரிங்கில் ஒன்று விடாமல் அடித்துக்கொண்டு வந்திருந்தார். இப்போது நெற்றியைச் சுருக்கினார்.

"அங்க மைக்கு போயிடுச்சு போல."

இருக்கலாம் என்றேன். மேளத்துக்குத் தனி மைக் வைத்திருந்தார்களா என்று கேட்டேன். வைத்திருந்தார்கள், முட்டிக்குப் பக்கத்திலேயே என்றார். அப்படியானால் அது மட்டும் போயிருக்கலாம். அதுதான் நியாயமான விளக்கம். நான் அதோடு விட்டிருக்க வேண்டும்; ஆனால் ஒரு தடவை சரிபார்க்காமல் எனக்கு எதுவும் முடியாது. பின்னால் தள்ளி மறுபடி போட்டேன்.

மைக் போகவில்லை. மேளம் இல்லாத இடத்தில் அது வேறொன்றைப் பிடித்துவைத்திருந்தது. தோலின்மேல் விரல்நுனிகள் தேய்கிற சத்தம். சர், சர், சர். தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், யாரோ தூக்கத்தில் போர்வையைத் தடவுவதுபோல.

செவ்வாய்க்கிழமை வகுப்பு ஞாபகம் வந்தது. செவிலியர் உதவியாளர் பயிற்சி, ஒன்பதாவது வாரம். வலிப்பு என்றால் கைகால் வெட்டிக்கொண்டு கீழே விழுவது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள் என்று ஆசிரியை சொன்னார். சிலது சத்தமே போடாது. கண் திறந்திருக்கும். ஆள் உட்கார்ந்தபடியே இருப்பார். விரல்கள் சட்டைப் பொத்தானையோ துணியையோ தடவிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடருவார். இடையில் போனது அவருக்கே தெரியாது.

இதை எழுதும்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறாவது வாரம் தைராய்டு பாடம் நடந்தபோது எனக்குத் தைராய்டு இருந்தது. ஏழாவது வாரம் சிறுநீரகம். வகுப்பில் என்னை வாரம் ஒரு நோய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதனால் எனக்குள் ஒரு குரல், ஹேவொன், இது ஒன்பதாவது வாரத்து நோய், பேசாமல் இரு என்றது.

இன்னொரு குரல் கணக்குப் போட்டது. இருபத்துநாலு அடி என்றால் பதினேழு வினாடி. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பதினேழு வினாடிக்கு இருநூற்று எண்பது மீட்டர். போன வாரம் காலைச் சாப்பாட்டில் சோற்றுக் கரண்டி அவர் கையில் அந்தரத்தில் நின்றது. நான் தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். பதில் இல்லை. கோபம் என்று நினைத்து எழுந்து போய்விட்டேன்.

வண்டியின் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தாறு. இன்னும் ஒரு மணி நேரத்தில் பின்னால் இருக்கும் அந்த இருக்கைகள் நிறைந்துவிடும்.

கணவாயின் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தோம். என் பக்கம் தடுப்புக் கம்பி, அதற்கு அப்பால் மரங்களின் தலைகள். நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

"அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன். ஏன், வகுப்புல என்னை வெச்சுப் பரீட்சை எழுதப் போறியா?"

"பின்னாடி எத்தனை சீட்டு இருக்கு?"

"பன்னெண்டு. ஒண்ணுல மேளம் உக்காந்திருக்கு. பதினொண்ணு காலி. அடுத்த கேள்வி?"

வாய் பேசுகிறவரை பயமில்லை என்று இருந்தது. சாலையில் பழைய மழையின் மண் சரிந்து கிடந்த இடத்தில் ஒதுக்கி ஓட்டினார். எதிரே வந்த சைக்கிள்காரர்களுக்கு ஒலி எழுப்பி வழிவிட்டார். எல்லாம் சரியாகவே செய்தார். இதற்கிடையில் பதிவு முடிவை நோக்கிப் போனது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தப் பெண் பசுவோடு தானும் கூரைமேல் ஏறி உட்கார்ந்து விடிவதற்குக் காத்திருக்கிறாள். அத்தை குரலைத் தாழ்த்திவிட்டாள். மண்டபத்தில் யாரோ அழுது மூக்கை உறிஞ்சுவது கேட்டது. உச்சியைத் தாண்டி வண்டி இறங்க ஆரம்பித்தது.

அம்மா என்றைக்கு வருவாள் என்று கேட்டேன்.

பதில் இல்லை.

மறுபடி கேட்டேன். அவர் கண்கள் சாலைமேல் இருந்தன, இமைக்கவில்லை. விரல்கள் ஸ்டியரிங்கில் அசையாமல் கிடந்தன. உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன, எதையோ மெல்லுவதுபோல. ஆசிரியை பலகையில் எழுதிய பட்டியலில் உதடு இரண்டாவது இடத்தில் இருந்தது. முன்னால் கொண்டை ஊசி வளைவு வந்துகொண்டிருந்தது. அஞ்சு எண்ணினேன், ஆறு எண்ணினேன். ஏழு எண்ணவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

வண்டி எதிர்ப்பக்கத்துக்குப் பாய்ந்தது. மரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவிலிருந்து வெளியே வந்தது. அதன் ஹாரன் என் வயிற்றுக்குள் கேட்டது. அப்பா என் கையைத் தட்டிவிட்டு, ஒரே வீச்சில் வண்டியை ஒடித்துத் திருப்பினார். தடுப்புக் கம்பி என் பக்கக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. நூறடி தள்ளி, மூடிக்கிடந்த தேநீர்க் கடை முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பதிவில் மண்டபம் கைதட்டிக்கொண்டிருந்தது.

அதை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாட்டுக் கேட்டுட்டிருந்தேன்டி. உள்ளுக்குள்ள அடி போட்டுக்கிட்டே வந்தேன். மனுஷன் ஒரு பாட்டுல லயிச்சா கொலை பண்ணிடுவியா?"

அவர் எங்கும் போயிருக்கவில்லை. இங்கேயேதான் இருந்திருக்கிறார். அந்தச் செங்குத்தான இறக்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் கொல்லப் பார்த்தது நான்தான். லயித்துப்போன ஆளுக்கும் இல்லாமல்போன ஆளுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாதவள், அரைகுறைப் படிப்பை வைத்துக்கொண்டு வண்டியைப் பிடித்து இழுத்திருக்கிறேன். ஓட்டுநர் தேர்வில் இரண்டு தடவை என்னைத் தோற்கடித்தவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார்.

ஆனாலும் ஸ்டியரிங்கில் அவர் அடித்த இருபத்துநாலு அடி அப்படியே இருந்தது. தோலில் தேய்ந்த சத்தமும் இருந்தது. அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள ஒரே ஓர் ஆள்தான். காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கதவைச் சாத்தினேன். அப்பா இருக்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பத்துத் தப்படி நடந்துபோய் அத்தையைக் கூப்பிட்டேன்.

எடுத்துவிட்டாள் என்று திரையில் தெரிந்தது, நொடிகள் ஓடின. காதில் சத்தம் வரவில்லை. மலையில் கோபுரம் எட்டாது என்று நினைத்து நான் பேசிக்கொண்டே போனேன். பதிவைக் கேட்டோம் அத்தை, அந்த இரண்டு சுற்று நீங்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டதா, அப்பா வேண்டுமென்றேதான் நிறுத்தினாரா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். காத்திருந்தேன். காதில் ஒன்றும் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக்குப் பின்னால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்து ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் இன்னும் வண்டியோடுதான் இணைந்திருந்தது. என் கேள்வி போனின் மைக் வழியே அத்தைக்குப் போனது; அவள் பதில் மட்டும் அவர் மடியில் போய் விழுந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது அத்தையின் குரல் வண்டி முழுக்க இருந்தது.

"...கண்ணு என்மேலதான் இருந்துச்சு, ஆனா என்னைப் பாக்கல. நான் என்ன பண்ணுவேன் சொல்லு? பாட்டை நிறுத்துனா எல்லாம் போச்சு. அப்படியே பாடிட்டே போனேன். அப்புறம் ஜனங்க எந்திரிச்சு நின்னு கத்துறாங்க. அவங்ககிட்டப் போயி, இல்லைங்க, எங்க அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னா சொல்லுவேன்? சனிக்கிழமை ஒரு நாளு ஹேவொன். ஒரே ஒரு நாளு. திங்கக்கிழமை நானே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் அண்ணன் காதுல போட்டுடாத."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அணைக்கலாமா என்றுகூடத் தோன்றவில்லை.

"உன்சில்," என்றார் அப்பா. சத்தம் போடாமல், பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுவதுபோல.

அத்தை மெதுவாக, "அண்ணே?" என்றாள்.

"என் கை எங்க இருந்துச்சு?"

"வலது கை மேல. குச்சியோட. தோளுக்கு நேரா. இடது கை..." அத்தை அழ ஆரம்பித்தாள். "இடது கை தோலைத் தடவிட்டே இருந்துச்சு அண்ணே."

சனிக்கிழமை பற்றி அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு அவரே பொத்தானை அமுக்கினார். ஏழு மாசமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜோன்ஜு மேடைக்காக மட்டும் மறைக்கவில்லை. மேடை வருவதற்கு முன்பும் அத்தை வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தபோது லாரி வந்தபோது பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு தெரிந்திருந்தது. எனக்குக் கரண்டி. அவளுக்குக் கை.

அப்பா இமைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரிந்துவிட்டது.

"இங்கதான் இருக்கேன். முறைக்காத," என்றார். பிறகு, "எத்தனை நேரம்?" என்று கேட்டார்.

பதினேழு வினாடி என்றேன். அறுபதில் போனால் எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன். அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வாய்க்குள் எதையோ அளந்தார். ஆற்றங்கரைச் சாலையில் பாலத்திலிருந்து மதகுவரை அவ்வளவு இருக்கும், அந்தத் தூரத்துக்குக் கரையில் தடுப்பு கிடையாது என்றார். தினமும் இரண்டு தடவை போகிற சாலை.

நான் மனசுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். இவர் சாவியைத் திருகினால் நான் வண்டிக்கு முன்னால் போய் நிற்பேன். என் சந்தேகம் ஒன்பதாவது வாரத்து நோயாகவே இருந்தாலும் நிற்பேன். ஊரெல்லாம் சிரிக்கட்டும். மணி மூன்று ஐந்து.

அவர் சாவியைத் திருகவில்லை. உருவி என் கையில் கொடுத்தார். பள்ளித் தாளாளர் அம்மாவுக்கு உன் போனிலிருந்தே போடு என்றார்.

தாளாளர் அம்மா உற்சாகமாக எடுத்தார். இன்றைக்குத் தன்னால் வண்டி ஓட்ட முடியாது, வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று அப்பா சொன்னார். தாளாளர் அம்மா பதறாமல், அதற்கென்ன, பக்கத்துப் பள்ளியில் கேட்கிறேன், இன்றைக்கு மட்டும்தானே என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று அவர் சொன்னால் நான் நடுவில் பேசிவிடுவேன் என்று என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"இல்லம்மா. இனிமே நான் ஓட்டல. எனக்கு நடுவுல நடுவுல... ஆள் இல்லாமப் போயிடுதாம். கண்ணு தொறந்திருக்குமாம். எனக்கே இப்பத்தான் தெரியும்."

தாளாளர் அம்மா பாதியில் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஐயா, அப்ப அது நெஜமா? பிள்ளைங்க ஒரு விளையாட்டு வெச்சிருக்குங்க. தாத்தா கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குவாராம். அவரு முழிக்கிற வரைக்கும் எல்லாம் சேந்து எண்ணுமாம். வாயைத் தொறந்தா தோத்துப்போச்சு, மனசுக்குள்ளயே எண்ணணுமாம். கூட வர்ற டீச்சர்கூட கவனிக்கல. நாங்க கேட்டுச் சிரிச்சோம் ஐயா."

எவ்வளவுவரை எண்ணியிருக்கிறார்கள் என்று நான்தான் கேட்டேன்.

"நேத்து, வண்டியில வர்ற சோதாம் வந்து பெருமையாச் சொன்னா. நாப்பத்தொண்ணு."

குழந்தைகள் வேகமாக எண்ணுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வேகமாக எண்ணினாலும் நாற்பத்தொன்று என்பது நாற்பத்தொன்றுதான்.

அப்பா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அம்மா, அது எண்ணும்போது வண்டி நின்னுட்டிருந்துச்சா, ஓடிட்டிருந்துச்சா?"

அங்கே நாற்காலி நகர்ந்தது.

"அதை நான் கேக்கவே இல்லையே ஐயா," என்றார் தாளாளர் அம்மா. போனைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, "சோதாம், இங்க வாம்மா," என்று கூப்பிட்டார். ஒரு குழந்தை ஓடிவருகிற காலடிச் சத்தம் எங்கள் காலி வண்டிக்குள் நெருங்கி வந்தது.